115 அடியிலிருந்து விழுந்தால் எத்தனை பகடை?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளின் ரூல்புக்குகளை, அதாவது விதிநூல்களை, எடிட் செய்வது என் தொழில். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டுகள் இவை. இருப்பது நாகர்கோவிலில், வேலை பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்கு. இப்போது நம்ம ஊர்ப் பிள்ளைகள் சிலரும் சொந்தமாக விதி எழுதி, பிடிஎஃப் போட்டு, சிவகாசிக்கு அச்சுக்கு அனுப்பும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் கோப்போடு வரும் வேண்டுகோள் மட்டும் மாறுவதில்லை: “அண்ணா, ஸ்பெல்லிங் மட்டும் ஒருக்க பாத்துத் தாங்க.”

ஒற்று விட்டுப்போனால் விளையாட்டு நிற்காது. நிறுத்துவது வேறு. அப்படி வந்த ஒரு சாகசத்தில், திருடனைத் துரத்திக்கொண்டு மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓட வேண்டும். கால் இடறினால் கீழே பரளியாறு. பாலத்தின் உயரம் 115 அடி என்று எழுதியிருந்தார்கள். ‘ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை சேதம்’ என்பது விதி. அப்படியானால் 11 பகடையா, 12 பகடையா? சராசரிக் கணக்கில் முதலாவது 38.5, இரண்டாவது 42. ஆட்டக்காரரிடம் 40 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) மிச்சம் இருந்தால், ஒரு கணக்கில் பிழைப்பார், மறு கணக்கில் சாய்வார். கேட்டேன். “அதெல்லாம் ஜி.எம். பாத்துக்கிடுவாரு அண்ணா” என்றார்கள். ஜி.எம். என்றால் கேம் மாஸ்டர், மேசையில் ஆட்டத்தை நடத்துகிறவர். எல்லாவற்றையும் ஜி.எம்.மே பார்த்துக்கொள்வதென்றால் புத்தகத்துக்கு எதற்குக் காசு?

இந்த வகையில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 2014 ஐந்தாம் பதிப்பிலும் இதே விதிதான், 20 பகடைக்கு மேல் போகாது என்ற வரம்போடு. பின்னம் வந்தால் கீழே இறக்கிக் கணக்கிடு என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த வரி விழுதல் விதிக்குப் பக்கத்தில் இல்லை, புத்தகத்தின் முன்னுரையில் கிடக்கிறது. முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்ற மூன்றையும் ரூல்புக் எடிட்டர் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். தொட்டிப்பாலத்துச் சிக்கல் குன்றக் கூறல். கூறியது கூறல் மட்டும் இங்கே கொஞ்சம் வேறுமாதிரி. ‘சேதம்’ என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, நடை அழகுக்காக அடுத்த பக்கத்தில் ‘காயம்’, அதற்கடுத்து ‘பாதிப்பு’ என்று மாற்றினால், மூன்றும் தனித்தனி விதி என்றுதான் ஆட்டக்காரர் நினைப்பார். சொல்லை அலுக்காமல் திரும்பச் சொல்லுங்கள். விதியை மட்டும் ஒரே இடத்தில் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் இருக்கும் விதியில் ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

மயங்க வைத்தலுக்கு ஓர் உதாரணம். ‘20 முகப் பகடையில் 10க்கு மேல் வந்தால் வெற்றி.’ 10 விழுந்தால்? எழுதியவருக்குச் சந்தேகமே இல்லை. தக்கலையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் ஒரு குழுவிடம் கொடுத்தபோது மேசையில் பாதிப் பேர் வெற்றி என்றார்கள், மீதிப் பேர் இல்லை என்றார்கள். ஒரு வாசிப்பில் வாய்ப்பு 55 சதவீதம், இன்னொன்றில் 50. ‘10 அல்லது அதற்கு மேல்’ என்று எழுதினால் தீர்ந்தது. இதற்காகத்தான் எழுதியவர் இல்லாத மேசையில் ஒருமுறையாவது விளையாடிப் பார்க்கச் சொல்கிறேன். அவர் வந்தே தீருவேன் என்றால் வரட்டும், வாயைத் திறக்கக் கூடாது.

கணக்குப் பிழை கண்ணில் படவே படாது, ஏனென்றால் வாக்கியம் சுத்தமாக இருக்கும். 2008இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பில் ‘ஸ்கில் சேலஞ்ச்’ என்று ஒரு பகுதி, குழுவாகப் பல முறை பகடை உருட்டித் தீர்க்க வேண்டிய சவால். மிக எளிய நிலையில் 2 தோல்விக்கு முன் 4 வெற்றி பெற வேண்டும். மிகக் கடினமான நிலையில் 6 தோல்விக்கு முன் 12 வெற்றி. பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு உருட்டலிலும் 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துப் பென்சிலால் போட்டுப் பாருங்கள். எளிய நிலையில் குழு வெல்லும் வாய்ப்பு சுமார் 53 சதவீதம், கடின நிலையிலோ சுமார் 60. கஷ்டமான சவாலே சுலபமாகிவிடுகிறது! அதே ஆண்டில் வந்த திருத்தத்தில் எல்லா நிலைக்கும் தோல்வி 3 என்று மாற்றினார்கள், ஒவ்வொரு உருட்டலிலும் எட்ட வேண்டிய இலக்கெண்களையும் குறைத்தார்கள். 3 தோல்வி என்றால் எளிய நிலையின் வாய்ப்பு 74 சதவீதத்துக்கு ஏறுகிறது. எந்தப் புரூஃப் ரீடரும் இதைப் பிடித்திருக்க மாட்டார். அது அவர் வேலையும் அல்ல. அட்டவணை இருக்கும் புத்தகத்துக்குக் கணக்குப் போடுகிற ஓர் ஆள் தனியாக வேண்டும்.

மொத்தமாகத் தேடி மாற்றும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் 1994இல் வெளியிடத் தொடங்கிய மந்திரப் பொருள் தொகுப்பில், மந்திரவாதியைக் குறிக்கும் ‘மேஜ்’ என்பதையெல்லாம் ‘விசர்ட்’ ஆக்கப்போய், ‘டேமேஜ்’ என்பது ‘டாவிசர்ட்’ என்று அச்சாகிவிட்டது. இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘அடி’ என்பதை ‘தாக்குதல்’ என்று மாற்றிய ஒரு கோப்பு வந்தது: 30 தாக்குதல் தூரம், தாக்குதல்ப்படை விதிகள், தாக்குதல்க்கடி ஓய்வெடுக்கவும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், மக்கா. ‘பக்கம் எக்ஸ்எக்ஸ் பார்க்க’ என்று எண் நிரப்பாமலே அச்சுக்குப் போன புத்தகங்களுக்கு ஒயிட் உல்ஃப் என்ற பதிப்பகம் பேர்பெற்றது. லேஅவுட் முடிந்த பிறகு பக்க எண்களைச் சரிபார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

எத்தனை பேர் பார்த்தாலும் பிழை மிஞ்சும். அதை எப்படி அறிவிக்கிறீர்கள் என்பதில்தான் பதிப்பாளரின் தரம் தெரியும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் ‘பிழை – திருத்தம்’ என்று பக்கம், வரியோடு ஒரு தாள் இருக்குமே, ரூல்புக் உலகத்தில் அதுதான் எரட்டா. அதில் மூன்று வகையைக் கலக்கக் கூடாது: அச்சுப் பிழை, விளக்கம், விதி மாற்றம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்டக்காரர் நூலில் வெறுங்கைக் குத்தும் ஆயுத அட்டவணையில் ஏறியிருந்தது. ஆயுதத்துக்கென்று சொன்ன திறன்களெல்லாம் முஷ்டிக்கும் உண்டா என்று கேள்வி வந்தது. அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, எடுத்ததை எரட்டாவில் வெளிப்படையாகச் சொன்னார்கள். சொல்லாமல் பிடிஎஃப்பை மட்டும் மாற்றி ஏற்றியிருந்தால், ஒரே மேசையில் முதல் அச்சு வைத்திருப்பவரும் புதுக் கோப்பு வைத்திருப்பவரும் ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டிச் சண்டை போட்டிருப்பார்கள். எனக்கு வரும் சின்ன வெளியீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்தச் சத்தமில்லாத மாற்றம்தான். திருத்திய கோப்புக்குத் தேதியும் பதிப்பு எண்ணும் போடுங்கள். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, யாரும் எடுத்தாள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தபின் அதைத் தமிழாக்கவும் வழி பிறந்திருக்கிறது. உரிமம் கேட்கும் நன்றிக் குறிப்போடு, எந்தக் கோப்பிலிருந்து தமிழாக்கினீர்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு: விதியில் தகராறு வந்தால், பதிப்புரிமைப் பக்கத்தில் எத்தனையாவது அச்சு என்று பாருங்கள், பிறகு எரட்டாவைத் தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் பதிப்பாளருக்கு எழுதுங்கள். எந்த அச்சு, எந்தப் பக்கம், எந்த வாக்கியம், அதை மேசையில் யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள், இந்த நான்கும் இருந்தால் போதும். ‘புக்கு சரியில்ல’ என்று மட்டும் வரும் கடிதத்தை என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவது?