டிஸ்டோபியா: துயருலகா, கொடுவுலகா?

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கேனி ஜமியாதினின் 'நாம்' நாவலைப் படித்து முடித்த மறுநாள், "என்ன மாதிரிக் கதை?" என்று நண்பர் கேட்டார். டிஸ்டோபியா என்றேன். "அப்படின்னா?" என்றார். துன்பம் நிறைந்த எதிர்கால உலகம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் மூடுவதற்குள் அது பிழை என்று பட்டது. அந்த நாவலில் பெரும்பாலோர் தாங்கள் துன்பப்படுவதாக நினைக்கவே இல்லையே!

1920-21ல் ரஷ்யாவில் எழுதப்பட்ட நாவல் அது. 1924ல் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் முதலில் வெளிவந்தது; சோவியத் மண்ணில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதை நடக்கும் நாட்டில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கதையைச் சொல்பவன் டி-503, விண்கலம் கட்டும் பொறியாளன். (ஜமியாதினும் கப்பல் கட்டும் பொறியாளர். பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்க்க இங்கிலாந்து போய்வந்தவர்.) வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர். திரைச்சீலையை இறக்க இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு வாய் உணவையும் 50 முறை மெல்ல வேண்டும் என்பது விதி. டி-503க்கு இதெல்லாம் அழகாகத் தெரிகிறது, பெருமையாகவும் இருக்கிறது. ஐ-330 என்ற பெண்மேல் காதல் வந்து நிலைகுலைந்து மருத்துவரிடம் போகிறான். உனக்குள் ஆன்மா உண்டாகிவிட்டது என்று நோயைச் சொல்வதுபோல அவர் சொல்கிறார். நாவலில் என்னை அதிகம் உலுக்கிய இடம் அதுதான்.

சரி, டிஸ்டோபியாவைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் சொல்லுக்கு வருவோம். டிஸ்டோபியாவின் மூத்த சொல் யுடோபியா. 1516ல் ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் லத்தீனில் எழுதிய நூலுக்காகக் கிரேக்க வேர்களைக் கொண்டு அதைச் செய்தார். 'ஊ' என்றால் இல்லை, 'டோபோஸ்' என்றால் இடம். ஆக, இல்லாத இடம். கிரேக்கத்தில் 'எயு' என்றால் நல்ல. அதைச் சேர்த்தால் நல்ல இடம் என்றாகும். ஆங்கில உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். இந்தச் சிலேடை மோரின் நூலின் முகப்புப் பாடலிலேயே இருக்கிறது.

'டிஸ்' என்பது கெட்ட, கடினமான என்று பொருள்படும் கிரேக்க முன்னொட்டு. சமஸ்கிருதத்தின் 'துர்', 'துஷ்' இதன் உறவு. 'எயு' போலவே 'சு'. துர்நாற்றம், துர்ப்பாக்கியம் என்று நாம் சொல்லும்போதெல்லாம் டிஸ்டோபியாவின் முதல் பாதியைத்தான் உச்சரிக்கிறோம்.

இந்தச் சொல்லின் பழைய, புகழ்பெற்ற பயன்பாடு ஒரு நாடாளுமன்றப் பேச்சில் இருக்கிறது. 1868 மார்ச்சில் பிரிட்டிஷ் மக்களவையில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், அரசின் கொள்கையைச் சாடும்போது, இவர்களை யுடோபியர் என்பதுகூடப் புகழ்ச்சி, டிஸ்டோபியர் என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லதை விரும்புபவர் யுடோபியர். இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கெட்டது என்பது அவர் வாதம். 'விரும்புவது' என்பதைக் கவனியுங்கள். பஞ்சமும் வெள்ளமும் தாமாக வரும். டிஸ்டோபியாவை யாரோ விரும்பித் திட்டமிட்டுக் கட்டுகிறார்கள். அணுகுண்டு விழுந்து உலகம் அழியும் கதைகளையும் சிலர் இந்தப் பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். அவை பேரழிவுக் கதைகள், வேறு வகை.

அதனால்தான் துயருலகு, நரகம் போன்ற சொற்கள் எனக்குப் போதவில்லை. அவை உள்ளே இருப்பவரின் வலியைச் சொல்கின்றன. கட்டியவனின் கோணலைச் சொல்லவில்லை. நம்மிடம் 'கொடு' என்ற பழைய அடை இருக்கிறது. இன்று கொடுமை என்றால் இரக்கமின்மை. பழைய பொருளில் வளைவும்கூட. கொடுவாள் வளைந்த வாள், கொடுமரம் வில். வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கொடுங்கோலும் கோல்தான், வளைந்துபோன கோல். ஜமியாதினின் நாட்டிலும் சட்டம், ஒழுங்கு, சோறு, தேர்தல் எல்லாம் உண்டு, எல்லாமே வளைந்து. எனவே கொடுவுலகு என்று சொல்லலாம் என்பது என் துணிபு. வளைவும் கொடூரமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன.

அப்புறம் யுடோபியாவுக்கு? யுடோபியன் சோசலிசத்தைத் தமிழில் 'கற்பனாவாத சோசலிசம்' என்கிறார்கள். அதில் உள்ள கற்பனாவாதம் கருத்தைச் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. இல்லுலகு என்று வைத்துப் பார்த்தேன். பக்கத்திலேயே நல்லுலகு வந்து நின்றது. ஓரெழுத்துதான் வித்தியாசம். மோரின் சிலேடை ஏறக்குறைய அப்படியே தமிழில் கிடைத்துவிட்டதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

நாவலின் தலைப்பும் யோசிக்க வைத்தது. ரஷ்ய மொழியில் அது 'மி'. நாம், நாங்கள் என்ற வேறுபாடு அதில் இல்லை. டி-503 தன் குறிப்புகளை வேற்றுக்கிரக வாசிகளுக்கு எழுதுகிறான். அவர்கள் இன்னும் அவன் கூட்டத்தில் இல்லை, ஆகவே இலக்கணப்படி நாங்கள் என்பதே சரி. ஆனால் அவன் கட்டும் கலம் போவதே அவர்களையும் இந்த மகிழ்ச்சிக்குள் இழுத்துக்கொள்ளத்தான். கடைசிக் குறிப்பில், கற்பனையை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்தபின், ஐ-330 வதைபடுவதைச் சலனமின்றிப் பார்த்தபடி வெற்றி உறுதி என்று எழுதுகிறான். அங்கே நான் 'நாம் வெல்வோம்' என்றே மொழிபெயர்ப்பேன்.