கொடையாளர்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் அக்காள் ஒருவர், தம் அண்ணனுக்குச் சிறுநீரகம் தர முன்வந்தார். மருத்துவமனையில் கொடுத்த மலாய்ப் பாரத்தை (படிவத்தை) என்னிடம் நீட்டி, "பென்டெர்மா என்றால் தருமம் போடுகிறவரா, தம்பி? பிச்சை மாதிரி இருக்கிறதே" என்றார்.

அவர் காது பொய் சொல்லவில்லை. நன்கொடையைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'டெர்மா', வடமொழி 'தர்ம'த்திலிருந்து கடல் கடந்து போனது. அதைச் செய்பவர் 'பென்டெர்மா'. ஆங்கிலத்தின் 'டோனர்' லத்தீன் வழி வந்தது. அதன் வேரும் 'தானம்' என்ற வடசொல்லின் வேரும் ஒன்றே. நம் பத்திரிகைகள் 'உறுப்பு தானம்' என்று எழுதும்போது, ஒரே வேரின் இன்னொரு கிளையைப் பிடித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

தமிழில் கொடை, கொடையாளர். இறந்தபின் எடுப்பதிலிருந்து பிரித்துக் காட்ட 'உயிருள்ளோர் உறுப்புக்கொடை' எனலாம். நீளம்தான், ஆனால் இந்த வேறுபாடு சொல்லில் தெரிந்தாக வேண்டும். மலேசியாவின் 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் இறந்தவர் உடலிலிருந்து எடுப்பதைப் பற்றியது. உயிருள்ளவர் தருவதற்குச் சுகாதார அமைச்சின் கொள்கையும் மருத்துவ மன்றத்தின் நெறிமுறைகளும்தான் வழிகாட்டி. உறவல்லாத ஒருவர் தர வந்தால், தனிக் குழு ஒன்று விசாரித்து ஒப்புதல் தர வேண்டும்.

'கொடை'க்குள் இருக்கும் 'கொடு' சாதுவான சொல் அல்ல. தொல்காப்பியம் கேட்பவரை வைத்துச் சொல்லைப் பிரிக்கிறது: தாழ்ந்தவர் 'ஈ' என்பார், ஒத்தவர் 'தா' என்பார், உயர்ந்தவர் 'கொடு' என்பார். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த நூற்பா. இந்தப் பாரத்தைப் பார்த்ததும் திரும்பி வந்தது. அறுவைக்கு முந்திய மதிப்பீட்டில் உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கொடையாளரிடம் தனியே பேசுவதும் இதற்காகத்தான். யார் கேட்டார்கள்? கெஞ்சினார்களா, அதட்டினார்களா? பணம் பேசப்பட்டதா? கடைசி நிமிடத்திலும் மனம் மாறலாம். அப்படி மாறினால், குடும்பத்தாரிடம் 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்லி அவரைக் காப்பாற்றும் வழக்கமும் மருத்துவர்களிடம் உண்டு.

மயிலுக்குப் போர்வை தந்த பேகனை, கொடைமடம் உடையவன் என்று புறநானூறு பாராட்டுகிறது. ஆராயாமல் அள்ளிக் கொடுப்பது அவனுக்கு அழகு. போர்வை போனால் இன்னொன்று நெய்துகொள்ளலாம். சிறுநீரகத்தில் கொடைமடத்துக்கு இடமில்லை. இரத்தம், சிறுநீர், மனநிலை எல்லாம் பார்த்த பிறகே கத்தி.

பாரத்தில் 'பென்டெர்மா'வுக்கு மேல் பென்சிலால் 'கொடையாளர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மின்தூக்கியில் அக்காளைப் பார்த்தேன். "அண்ணன் எப்படிக் கேட்டார் என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்கள், தம்பி. மூன்று தடவையும் ஒரே பதில்தான். அவர் இன்று வரை கேட்கவே இல்லை."