சான்றிதழ் கணக்கு வேறு, சாவுக் கணக்கு வேறு

அந்தப் படம் மறுபடியும் வந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் தட்டச்சு செய்த ஒரு பழைய கடிதம். வரிசையாக முகாம்களின் பெயர்கள், எதிரே எண்கள், எல்லாம் கூட்டினால் 2,71,000 சொச்சம். மேலே தமிழில் சிவப்பு எழுத்து: “செஞ்சிலுவைச் சங்கமே ஒப்புக்கொண்டது! 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது கட்டுக்கதை!” இந்த முறை அனுப்பியவர் பள்ளியில் வரலாறு நடத்துகிற ஆசிரியர். “இது உண்மையா?” என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “பார்த்தீர்களா?” என்று கேட்டிருந்தார்.

நாஜி முகாம்களின் தாள்களை ஸ்கேன் செய்து, பெயர், பிறந்த தேதி, ஊர் என்று பிரித்துத் தேடக்கூடிய தரவாக்குவது என் தொழில். இந்தக் கடிதத்துக்கு ஒரேயடியாக இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கூட்டுத்தொகை இறந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, பதிவான இறப்புச் சான்றிதழ்களின் எண்ணிக்கை. போர் முடிந்ததும் மறுமணம், சொத்து, இழப்பீடு என்று எதற்குப் போனாலும் சான்றிதழ் கேட்டார்கள். முகாமில் செத்தவருக்கு அதை யார் கொடுப்பது? அதற்காகவே 1949-ல் ஜெர்மனியில் அரோல்சன் என்ற சின்ன ஊரில் ஒரு சிறப்புப் பதிவாளர் அலுவலகம் திறந்தார்கள். அது ஜெர்மன் அரசு அலுவலகம். காணாமல் போனவர்களைத் தேடும் சர்வதேச அமைப்பும் அதே ஊரில் இருந்தது. 1955 முதல் 2012 வரை அதை நடத்தியது செஞ்சிலுவைச் சங்கம். இரண்டையும் ஒன்றாக்கித்தான் இந்தப் புரளி ஓடுகிறது. அப்படி ஒரு கணக்கைத் தாங்கள் எடுத்ததே இல்லை என்று அந்தச் சங்கம் 1970-களிலேயே சொல்லிவிட்டது.

சரி, சான்றிதழ் எப்போது கிடைக்கும்? செத்தவர் முகாமில் கைதியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவேடு எரிக்கப்படாமல் மிஞ்சியிருக்க வேண்டும். கேட்டு மனுப் போட ஆள் இருக்க வேண்டும். ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே கைதியாகப் பதிவானவர்களோ சுமார் 4 லட்சம் பேர்தான். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரயிலிலிருந்து இறங்கி நேராக விஷவாயு அறைக்குப் போனார்கள். அவர்களுக்கு எண் இல்லை, அட்டை இல்லை, பல குடும்பங்களில் மனுப் போட ஒரு பிள்ளைகூட மிச்சமில்லை. ஊரையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனபின், தாலுகா ஆபீசுக்கு எத்தனை மனு வந்தது என்று எண்ணிவிட்டு “இவ்வளவு பேர்தான் செத்தார்கள்” என்றால் ஒப்புக்கொள்வீர்களா? அதைத்தான் இந்தப் படம் கேட்கிறது.

அப்படியானால் 60 லட்சம் எப்படித் தெரியும்? எந்த ஒரு தாளிலிருந்தும் அல்ல, பலவிதத் தாள்களைச் சேர்த்துப் பார்த்துத்தான். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து 1943 மார்ச் முதல் ஜூலை வரை 19 ரயில்களில் 34,000-க்கும் மேற்பட்டவர்களை சோபிபோர் என்ற கொலை முகாமுக்கு ஏற்றினார்கள். சோபிபோரில் யாரையும் பதிவு செய்யவில்லை. ஆனால் ஏற்றிய இடத்தில் பட்டியல் இருக்கிறது, திரும்பி வந்தவர்கள் 18 பேர். கீவ் நகரத்தின் பாபின் யார் பள்ளத்தாக்கில் நிலைமை நேர்மாறு. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்களைச் சுட்டதாகக் கொன்றவர்களே மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இல்லை. 1942-ல் பெல்ஸெக், சோபிபோர், ட்ரெப்லிங்கா, மைடானெக் ஆகிய நான்கு முகாம்களுக்கும் வந்து சேர்ந்தவர்கள் 12,74,166 பேர் என்று ஹோஃப்லே என்ற நாஜி எஸ்.எஸ். படை அதிகாரி அனுப்பிய தந்தியை பிரிட்டிஷார் ஒட்டுக்கேட்டு வைத்திருந்தார்கள். அதன் பொருள் 2000-ல்தான் ஆய்வாளர்களுக்குப் பிடிபட்டது. அத்தனை காலமும் அது காப்பகத்தில்தான் கிடந்தது. ஒழுங்காக விவரணை எழுதாத ஆவணம் தொலைந்த ஆவணம் மாதிரி என்று புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் நச்சரிப்பது இதனால்தான்.

“ஆன்லைனில் தேடினேன், பெயர் வரவில்லை” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜெருசலேமில் இருக்கும் யாத் வஷேம் நினைவகம் இத்தனை வருடம் திரட்டியதில் ஏறத்தாழ 50 லட்சம் பெயர்கள்தான் சேர்ந்திருக்கின்றன. மீதிப் பேரில் குழந்தைகளும், மொத்தமாகக் கொல்லப்பட்ட ஊர்க்காரர்களும் நிறைய. மேலே சொன்ன தேடும் அமைப்புதான் இன்றைய அரோல்சன் காப்பகம், அதில் சுமார் 3 கோடி ஆவணங்கள் உள்ளன. அங்கே அப்ரமோவிச் என்ற ஒரு பெயரையே 800-க்கும் மேற்பட்ட விதமாக எழுதிவைத்திருக்கிறார்கள். போலந்துக்காரர் சொன்னதை ஜெர்மன் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினால் வேறென்ன ஆகும்? ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டுக் கையை விரிக்காதீர்கள். பிறந்த தேதியை வைத்துத் தேடுங்கள், ஊரை வைத்துத் தேடுங்கள்.

பெயர் கிடைத்தாலும் அவசரப்படாதீர்கள். அரோல்சனில் இருப்பவர்கள் எல்லோரும் யூதர்கள் அல்ல, எல்லோரும் இறந்தவர்களும் அல்ல. கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள், போருக்குப் பின் வீடில்லாமல் நின்றவர்கள் என்று பலரும் உண்டு. இறப்புக் காரணத்தில் “இதயச் செயலிழப்பு”, “நிமோனியா” என்று இருந்தால் அது எழுத்தர் எழுதியது, பல சமயம் முழுப் பொய். இருக்கிறபடியே தரவில் ஏற்றுவது எங்கள் கடமை. அது உண்மை என்று நாங்கள் கையெழுத்துப் போடுவதாக அர்த்தமில்லை. கைதியிடமிருந்து பறித்ததைக் குறித்துவைத்த உடைமை அட்டை என்று ஒன்று உண்டு. தொப்பி, மேல்கோட்டு, கால்சட்டை, காலணி என்று அச்சடித்த பெயர்கள், பக்கத்தில் எத்தனை என்ற எண், கீழே பறிகொடுத்தவரின் கையெழுத்து. ஒப்புக்கொண்டு கொடுத்தார் என்றா அதைப் படிப்பீர்கள்?

இப்போது புதிதாக ஏஐ படங்கள் வேறு. பாதிக்கப்பட்டவர்களின் முகங்கள் என்று இல்லாத முகங்களை ஃபேஸ்புக்கில் பரப்புவதைப் பற்றி 2025-ல் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே எச்சரித்தது. அங்கே உண்மையான கைதிப் புகைப்படங்கள் சுமார் 39,000 இருக்கின்றன. 1945 ஜனவரியில் அவற்றை எரிக்க உத்தரவு வந்தபோது, படமெடுக்கும் வேலையில் இருந்த கைதிகள் வில்ஹெல்ம் பிராஸேவும் இன்னொருவரும் அடுப்பில் ஈரத்தாளைத் திணித்து எரியவிடாமல் செய்தார்கள். அந்தப் படங்கள் இருக்க, கண்ணீர் வழியும் பொய்ப் படத்துக்கு ஏன் லைக் போடுகிறீர்கள்? நல்ல எண்ணத்தில் பகிரும் ஒவ்வொரு போலியும், “எல்லாமே போலி” என்று சொல்லக் காத்திருப்பவனுக்கு நாம் எடுத்துக் கொடுப்பது.

ஆவணப் படம் வந்தால் முதலில் எந்தக் காப்பகம், என்ன ஆவண எண் என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பகிராதீர்கள். ஓரத்தை வெட்டாதீர்கள், முத்திரையும் தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய படத்துக்கு வண்ணம் பூசி “உயிர் கொடுக்கிறேன்” என்று இறங்காதீர்கள். அப்புறம், ஆசிரியர்களே, உங்களைத் தனியாகக் கெஞ்சிக் கேட்கிறேன்: வகுப்பில் காட்டுவதற்கு முன்னால் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். அதுவரை அந்தப் படம் உங்கள் ஃபோனிலேயே இருக்கட்டும்.