தலைப்பும் பட்டியலும் உலாவிக்குப் புரியும் விதம்

இணையப் பக்கத்தில் ஒரு வரியைப் பெரிதாக, தடித்த எழுத்தில் போட்டால் பார்ப்பவர் அதைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்வார், உலாவி எடுத்துக்கொள்ளாது. எழுத்தின் அளவும் தடிமனும், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும் விஷயம். அந்த வரி தலைப்பா, எந்த நிலைத் தலைப்பா என்று சொல்லவே, பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எச்1 முதல் எச்6 வரை ஆறு குறிச்சொற்கள் உள்ளன.

பக்கத்தைத் திரையில் வரையும்போதே, உலாவி அதன் அமைப்பை அணுகல் மரம் என்ற தனி வடிவமாகவும் கட்டிவைக்கிறது. பார்வையற்றோர் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற ஸ்கிரீன் ரீடர்கள் அதிலிருந்துதான் படித்துச் சொல்கின்றன. என்விடிஏவில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 2 என்ற எண்ணை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்கும் தாவலாம். நீண்ட பக்கத்தை வரிவரியாகக் கேட்காமல் வேண்டிய இடத்துக்குப் போக இதுவே முக்கிய வழி என்பதால், எழுத்து அளவாக இருக்கிறதே என்று எச்2க்குக் கீழே நேராக எச்4ஐப் போட்டால், இடையில் ஒரு பகுதி விடுபட்டதோ என்று கேட்பவர் குழம்புவார். பகுதி முடிந்து எச்4இலிருந்து எச்2க்குத் திரும்புவதில் தவறில்லை.

எச்டிஎம்எல்5 வரையறை இதில் ஒரு குழப்பத்தையும் விட்டுச்சென்றது. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எச்1ஐயே எழுதலாம், அது எத்தனை பகுதிகளுக்கு உள்ளே இருக்கிறது என்று பார்த்து நிலை தானே கணக்கிடப்படும் என்று ஒரு முறையை அது விவரித்தது. உலாவிகள் அத்தகைய எச்1இன் எழுத்தைச் சிறிதாக்கிக் காட்டினவே தவிர, நிலைக் கணக்கு நடைமுறைக்கு வரவே இல்லை. 2022இல் அது வரையறையிலிருந்தே நீக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்றும் தென்படும் அந்த அறிவுரையை ஒதுக்கிவிடுவதே நல்லது.

பட்டியலில் கேள்வி ஒன்றுதான்: வரிசை மாறினால் பொருள் கெடுமா? சமையல் குறிப்பில் 'தேவையான பொருட்கள்' வரிசை முக்கியமில்லாத பட்டியலுக்கான யூஎல் குறிச்சொல்லிலும், 'செய்முறை' வரிசைப் பட்டியலுக்கான ஓஎல்லிலும் வர வேண்டும். இவ்விரண்டுக்குள்ளும் உருப்படிகளை நேரடியாக எழுத, ஓர் உருப்படியைக் குறிக்கும் எல்ஐ மட்டுமே வரலாம் என்பதால், 'தாளிக்க' என்பதன் கீழ் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை என்ற உட்பட்டியல் வேண்டுமானால், 'தாளிக்க' என்ற எல்ஐயை மூடுவதற்கு முன்பே அதை எழுதிவிட வேண்டும். மூடிய பிறகு எழுதினால் திரையில் வேறுபாடு தெரியாவிட்டாலும் வரையறைப்படி அது பிழை. வரிக்கு முன் சிறுகோடு போட்டுப் பட்டியல் போலக் காட்டினாலோ, 'பட்டியல், 3 உருப்படிகள்' என்று முன்கூட்டிச் சொல்ல ஸ்கிரீன் ரீடரிடம் எதுவும் இருக்காது. ஓஎல்லின் எண்களைக் கையால் தட்டச்சு செய்யவும் தேவையில்லை. சிஎஸ்எஸ்ஸின் 'லிஸ்ட்-ஸ்டைல்-டைப்' பண்புக்குத் 'தமிழ்' (ஆங்கில எழுத்தில் tamil) என்ற மதிப்பைக் கொடுத்தால் ௧, ௨, ௩ என்றே உலாவி எண்ணிக் காட்டும்.