ஜன்னலை மட்டும் அடைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்

போன மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு வீட்டுக்கு இறுதிச் சோதனைக்குப் போனேன். 1920களில் கட்டிய இரண்டு மாடி மரவீடு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாக வெதரைசேஷன், அதாவது காற்று ஒழுகும் ஓட்டைகளை அடைத்து வீட்டைக் குளிர் தாங்கவைக்கும் வேலை, செய்து தரும் அரசுத் திட்டத்தில் மூன்று நாள் வேலை நடந்து முடிந்திருந்தது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும், “வீடு இப்போதுதான் கதகதப்பாக இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, சர்ச்சுக்குப் போனால் சரியாகிவிடுகிறது” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேஸ்மென்ட் (நிலவறை) படியில் பாதி இறங்குவதற்குள், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் காட்டும் இடுப்பு மீட்டர் கத்திவிட்டது. அந்த அம்மாவை வெளியே அழைத்துப்போய்க் காரில் உட்காரவைத்து, கேஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்து கேஸை நிறுத்திய பிறகுதான் வாட்டர் ஹீட்டரைக் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. அதன் தலையில் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றியிருக்கும் சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் வளையங்கள் இளகி வழிந்திருந்தன. மேல்தகட்டில் துரு. புகைபோக்கியில் மேலே ஏறவேண்டிய சூட்டுப்புகை, கார்பன் மோனாக்சைடோடு திரும்பி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஓட்டைகளை அடைத்த வீட்டில் வெளிக்காற்று வர வழி குறைந்து, விசிறிகள் இழுக்கும் காற்று புகைபோக்கி வழியாகவே வந்தால் இப்படி ஆகும்.

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு இது மூன்றாவது வீடு. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை பார்த்த பையன்களில் ஒருவனிடம், “தம்பி, கிளம்பும்போது புகைபோக்கி இழுக்கிறதா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டேன். “அதை எங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை” என்றான். உண்மையைத்தான் சொன்னான். அரை நாள் வீடியோ, ஒரு நாள் சீனியர் பின்னால் அலைச்சல், அப்புறம் கையில் கால்க் (சந்து அடைக்கும் பசை) துப்பாக்கி. பயிற்சி என்ற பெயரில் அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒப்பந்தக்காரர்கள், ஆட்களைப் பழக்கும் என்னிடம், “ஓட்டையை அடைக்கிற வேலைதானே, ஒரே நாளில் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்” என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்படி ஒரு நாளில் பழகியவன் நேராக எங்கே போவான்? ஜன்னலுக்குத்தான். எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தப்பெண்ணம் இது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் சில்லென்று இருக்கிறது, ஆகவே காற்று அங்கேதான் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரும் நம்புகிறார், வேலைக்காரரும் நம்புகிறார். பாதி நேரம் அது காற்றே இல்லை, கண்ணாடியின் குளிர்ச்சி. குளிர்காலத்தில் வீட்டுச் சூடு மேலே ஏறி அட்டிக் (கூரைக்கு அடியிலுள்ள பரண்) வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப பேஸ்மென்ட் பக்கமிருந்து குளிர்காற்று உள்ளே வரும். பெரிய ஓட்டைகள் உச்சியிலும் அடியிலும் இருக்கின்றன, நடுவில் இருக்கும் ஜன்னலில் இல்லை. நம்பாதவர்களை அட்டிக்குக்குக் கூட்டிப்போய்ப் சூடு போகாமல் இருக்கப் பரப்பிய பழைய கண்ணாடிப் பஞ்சைத் தூக்கிக் காட்டுவேன். சில இடங்களில் மட்டும் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். வருஷக்கணக்காக வீட்டுக்காற்று அந்த வழியே போய், பஞ்சு அதன் அழுக்கை வடிகட்டி வைத்திருக்கிறது. அடியில் பார்த்தால் புகைபோக்கியைச் சுற்றி ஒரு சாண் சந்து, அல்லது பேஸ்மென்ட் முதல் அட்டிக் வரை நேராகத் திறந்து கிடக்கும் சுவர்ப் பொந்து. பழைய கிளீவ்லாந்து வீடுகளில் இது சர்வசாதாரணம். அதை அடைக்காமல் மேலே பஞ்சு கொட்டினால் காற்று பஞ்சுக்குள் புகுந்து போய்க்கொண்டே இருக்கும்.

ஜன்னல் பைத்தியத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 1976இல் இந்தத் திட்டம் சட்டமானபோது, ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் ஒட்டுவதும் கதவிடுக்கை அடைப்பதும்தான் பெரும்பாலான வேலை. அன்று அவ்வளவுதான் தெரியும். இன்று வாசலில் ப்ளோவர் டோர் விசிறியை மாட்டி, வீட்டை 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்துக்குக் கொண்டுவந்து, எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்று அளந்துவிடலாம். 2009இல் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் இந்தத் திட்டத்துக்கு வந்தபோது ஏராளமானோரை அவசரமாக வேலைக்கு எடுத்தார்கள். ஆள் எடுக்கிற வேகத்தில் பழக்க முடியாது. பயிற்சிக்கூடத்தில் நிஜ வாட்டர் ஹீட்டரின் புகையை வேண்டுமென்றே உள்ளே திரும்பவைத்து, ஒவ்வொருவரும் கண்ணால் பார்க்கும்வரை நான் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதில்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு: காற்றடைப்பு செய்த ஒவ்வொரு நாளும், கடைசி நாள் மட்டுமல்ல, கிளம்புமுன் புகைபோக்கியைச் சோதியுங்கள். கதவு ஜன்னல்களைச் சாத்தி, டிரையரையும் குளியலறை, சமையலறை விசிறிகளையும் ஓடவிட்டு, வாட்டர் ஹீட்டரைப் பற்றவையுங்கள். அதன் மேல்விளிம்பில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைப் பிடியுங்கள். அது ஆவி படிந்து மங்கிக்கொண்டே இருந்தால், புகை திரும்பி வருகிறது என்று அர்த்தம், ஹீட்டரை நிறுத்துங்கள். சரிசெய்யாமல் வீட்டைவிட்டு நகரக்கூடாது. புகைபோக்கியை ஒட்டி ஃபோம் அடிக்காதீர்கள், தகடும் சூடு தாங்கும் கால்க்கும் வேண்டும். பீங்கான் குமிழில் ஓடும் பழைய வயரிங்கில் இன்னும் மின்சாரம் பாய்ந்தால் அதன்மேல் பஞ்சு போடக் கூடாது. அட்டிக்கில் பளபளவென்று கூழாங்கல் போல வெர்மிகுலைட் (சூடு காக்கப் போட்ட பழைய தாதுத் துகள்) கிடந்தால் கை வைக்காமல் இறங்கி வாருங்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

வாரயிறுதியில் தன்னார்வமாக முதியவர்களின் வீடுகளுக்கு ஜன்னல் அடைக்கப் போகும் நம் நண்பர்களே, உங்கள் மனசு பெரியது. ஆனால் பேஸ்மென்ட்டில் கேஸ் ஹீட்டர் இருந்தால் சோதிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாமல் தொடாதீர்கள். அலாரம் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். கடையில் வாங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் 70 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் கத்துவதற்கு ஒன்று முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். 30 பிபிஎம்மில் நாள்கணக்கில் வாயே திறக்காது. பலவீனமான முதியவருக்கும் கைக்குழந்தைக்கும் அந்த அளவே தொல்லைதான். அலாரம் கட்டாயம் வேண்டும், சோதனையும் வேண்டும்.

உங்கள் தெருவில் குளிரில் கஷ்டப்படும் குடும்பம் இருந்தால் இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வருமானம் மத்திய அரசின் வறுமை அளவுகோலில் 200 சதவீதத்துக்குள் இருந்தால் தகுதி உண்டு, வாடகை வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம். வேலை முடிந்ததும் ஆட்களிடம், “வாட்டர் ஹீட்டரைச் சோதித்தீர்களா, எழுதிக் காட்டுங்கள்” என்று கேட்கவும் சொல்லிக்கொடுங்கள். அந்த கிளீவ்லாந்து அம்மாவுக்கு அப்படிக் கேட்கலாம் என்றே யாரும் சொல்லியிருக்கவில்லை.