கிளஸ்டரில் கொடுப்பது சுலபம், திருப்பி வாங்குவதுதான் சிக்கல்

கொழும்பில் ஓர் அலுவலகத்தில் பத்து சேர்வர்கள் சேர்ந்து ஒரே கிளஸ்டராக (கூட்டாக வேலை செய்யும் கணினித் தொகுதியாக) ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஆய்வாளர்கள் நோட்புக்கில் (கோடு எழுதி உடனே ஓட்டிப் பார்க்கும் பக்கத்தில்) தரவை அலசுகிறார்கள். இரவில் பில் கணக்கு ஓடுகிறது. தரப்புக்கு ஐந்து என்று நிரந்தரமாகப் பிரித்தால், எந்த நேரத்திலும் பாதி சேர்வர்கள் சும்மா மின்சாரம் தின்னும்.

பெருந்தரவைப் பல சேர்வர்களில் பகிர்ந்து கையாளும் ஹடூப் மென்பொருளின் 2ஆம் பதிப்புடன் வந்த யார்ன் என்ற பங்கீட்டாளர், எல்லா சேர்வர்களின் மெமரியையும் பிராசசர் கோர்களையும் ஒரே பொதுக் கையிருப்பாக வைத்து, கேட்பவர்களுக்குக் கன்டெய்னர்களாக, அதாவது அளந்து வெட்டிய துண்டுகளாக, பங்கிடுகிறது. அதன் மேல் ஓடும் தரவுக் கணக்கு மென்பொருளான ஸ்பார்க், 2014 இறுதியில் வந்த 1.2 பதிப்பிலிருந்து தேவைக்கேற்ப வாங்கவும் விடவும் கற்றுக்கொண்டது. இந்த வசதியை நாமேதான் இயக்கிவிட வேண்டும். வேலைகள் ஒரு விநாடி காத்துக் கிடந்தால் ஸ்பார்க் ஓர் எக்ஸிகியூட்டரை (கன்டெய்னருக்குள் ஓடி வேலைகளை முடிக்கும் புரோகிராமை) கேட்கும். அப்போதும் வரிசை குறையாவிட்டால் விநாடிக்கு விநாடி 2, 4, 8 என்று இரட்டிப்பாகக் கேட்கும். 60 விநாடி வேலையில்லாமல் இருந்த எக்ஸிகியூட்டரை விட்டுவிடும்.

விடும்போதுதான் வில்லங்கம். ஷஃபிளில், அதாவது கணக்கின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தரவைப் பிரித்து மாற்றும்போது, ஓர் எக்ஸிகியூட்டர் எழுதிவைத்த கோப்புகளை அடுத்த கட்டம் வந்து கேட்கும். எழுதியவர் போய்விட்டால் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு சேர்வரிலும் தனி ஷஃபிள் சேவை ஒன்றை ஓடவிட்டு, கோப்புகளைப் பரிமாறும் பொறுப்பை அதனிடம் கொடுக்கிறார்கள்.

கேஷ் (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் தரவு) அதைவிட மோசம். கேஷில் தரவு வைத்திருக்கும் எக்ஸிகியூட்டருக்கு இயல்பு அமைப்பில் காலக்கெடுவே இல்லை. ஆய்வாளர் நோட்புக்கை மூடாமல் கோட்டையில் ரயில் பிடிக்கப் போய்விட்டால், இரவு பில் கணக்கு இடமில்லாமல் நிற்கும். கேஷுக்கு 30 நிமிடக் கெடுவும், ஒருவர் பிடிக்கக்கூடிய எக்ஸிகியூட்டர்களுக்கு உச்சவரம்பும் கட்டாயம் வையுங்கள். யார்னில் பலவந்தமாகப் பறிக்கும் வசதியும் உண்டு. ஆனால் பறிக்கப்பட்ட கன்டெய்னரில் பாதியில் நின்ற வேலை வீண்.

பலர் இடறும் இடம் கூட்டல் கணக்கு. ஒரு சேர்வர் யார்னுக்கு 56 ஜிபி தருகிறது, எக்ஸிகியூட்டருக்கு 8 ஜிபி என்றால் ஏழு கிடைக்கும் என்று நினைப்போம். ஸ்பார்க் மேலதிகமாக 10 சதவீதம் சேர்க்கும், யார்ன் அதை அடுத்த முழு ஜிபிக்கு உயர்த்தும்: மொத்தம் 9. ஆக ஆறுதான், 2 ஜிபி யாருக்கும் உதவாமல் கிடக்கும். 7 ஜிபி என்று கேளுங்கள்; மேலதிகத்தோடு 8 ஆகி, ஏழும் கச்சிதமாக உட்காரும்.