அவுன்ஸ்: நிறுத்தலா, முகத்தலா?

அமெரிக்கக் கேக் குறிப்புகளில் ‘8 அவுன்ஸ் மைதா’ என்று ஒரு வரி வரும்; அடுத்த வரியில் ‘8 அவுன்ஸ் பால்’ என்று இருக்கும். முதலாவது தராசில் நிறுக்க வேண்டியது: 227 கிராம். இரண்டாவது குவளையில் அளக்க வேண்டியது: 237 மில்லி. பால் அளந்த குவளையிலேயே மைதாவையும் அளந்தால் ஏறத்தாழ 125 கிராம்தான் வரும். பாதி மாவு குறைந்த கேக் களியாகிவிடும்; அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

இலத்தீனில் ‘உன்சியா’ என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. ரோமானியர் தம் எடை அலகான ‘லிப்ரா’வைப் பன்னிரண்டாகப் பகுத்து, ஒரு பங்கை அப்படி அழைத்தனர். அடியின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் அதே பெயர்தான். ‘இஞ்ச்’ என்ற சொல் அதிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து, பிறகு தமிழுக்கு வந்தது அவுன்ஸ். கம்பவுண்டர் கலக்கித் தந்த மிக்சரை அவுன்ஸ் கிளாஸில் அளந்து குடித்தவர்களுக்கு அது முகத்தல் அளவை. நாளிதழில் தங்கத்தின் சர்வதேச விலையைப் பார்ப்பவர்களுக்கு அது நிறுத்தல் அளவை. ஆனால் தங்கத்துக்கானது 31.1 கிராம் கொண்ட ‘டிராய்’ அவுன்ஸ்; பவுண்டுக்குப் பன்னிரண்டு என்ற ரோமானியக் கணக்கு அதில்தான் மிஞ்சியிருக்கிறது. சமையலறை அவுன்ஸ் பவுண்டுக்குப் பதினாறு, அதாவது 28.35 கிராம்.

ஒரு அவுன்ஸ் எடையுள்ள திரவம் கொள்ளும் இடத்தையும் அவுன்ஸ் என்றே அழைத்ததால்தான் எடையின் பெயர் கொள்ளளவுக்கும் ஒட்டிக்கொண்டது. 1824இல் பிரிட்டன், 10 பவுண்டு தண்ணீர் கொள்ளும் இடமே ஒரு காலன் என்று வரையறுத்தது. அதில் 160இல் ஒரு பங்கு, ஒரு அவுன்ஸ் தண்ணீர் கொள்ளும் இடம்: 28.4 மில்லி. அமெரிக்கர்கள் பழைய ஒயின் காலனையே வைத்துக்கொண்டு 128ஆகப் பகுத்ததால் அவர்களுடையது 29.6 மில்லி. வெண்ணெய்க்கு நிறுத்தல், முகத்தல் என்ற இரு கணக்கும் கிட்டத்தட்டப் பொருந்திவிடுகின்றன: 8 அவுன்ஸ் கொள்ளும் ஒரு அமெரிக்கக் கப் வெண்ணெய் 227 கிராம்தான். இந்தப் பொருத்தத்தை நம்பித்தான் பலர் மற்றப் பொருள்களில் ஏமாறுகிறார்கள். அதே கப் தேன் 340 கிராம். எடையில் 12 அவுன்ஸ்.

கண்டென்ஸ்டு மில்க் இன்னும் சிக்கலானது. ஊற்றும் பொருள்தானே என்று தோன்றும். அமெரிக்க டின்னில் உள்ள 14 அவுன்ஸ் எடைக்கணக்கு: 397 கிராம். கோப்பையில் 14 அவுன்ஸ் அளந்தால் 530 கிராமைத் தாண்டிவிடும், இனிப்பு திகட்டும்.

இதனால்தான் ஆங்கிலக் குறிப்புகளின் ‘ஃபுளூயிட் அவுன்ஸ்’ என்பதற்குத் ‘திரவ அவுன்ஸ்’ என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒப்பவில்லை. வேறுபாடு பொருளில் இல்லை, அளக்கும் முறையில் இருக்கிறது. ‘பலம்’ என்றும் எழுத முடியாது. அது 35 கிராம் கொண்ட வேறு அலகு. அவுன்ஸ் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ‘நிறுத்தல் அவுன்ஸ்’, ‘முகத்தல் அவுன்ஸ்’ என்று பிரித்து எழுதுவதே தெளிவு. ஒரு படி அரிசியும் ஒரு படி பொரியும் ஒரே எடை இல்லை என்பதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அறிவுக்கு நிறுத்தல், முகத்தல் என்ற பெயர்களும் பழங்காலத்திலிருந்தே இருக்கின்றன.

தராசு இல்லாதவர்கள் கப் கணக்கில் மைதா அளப்பதானால் அள்ளும் விதம் முக்கியம். மாவைக் கரண்டியால் கோப்பையில் போட்டு, கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்தால் 120 முதல் 125 கிராம். டப்பாவுக்குள் கோப்பையை விட்டு அமுக்கி அள்ளினால் 150 வரை போகும். படியில் நெல் அளந்தவர்கள் இப்படி வழிப்பதைத் ‘தலைதட்டி’ என்பார்கள். குறிப்பு எழுதுகிறவர்கள் ‘தலைதட்டி ஒரு கப் மைதா’ என்று எழுதலாம். பக்கத்திலேயே கிராமையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.